குனிந்து பார்த்த இரயில்

(பொன்விழா ஆண்டின் குடும்ப நாள் மாலைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "குடும்பம் என்ற பொருளில் பேசுங்கள், சுவாமி" என்று கேட்டார்கள். கூட வந்த ஒருவர், "மறையுரை போல இல்லாமல் இருந்தால் நல்லது" என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் என் காதில் விழுந்துவிட்டது. ஆகவே இன்று மறையுரை இல்லை. ஒரு பொம்மை இரயிலைப் பற்றிப் பேசப் போகிறேன். குழந்தைகள் கைதட்டுகிறார்கள். பெரியவர்கள், "இதற்கா நாற்காலி எடுத்துப் போட்டோம்?" என்று பார்க்கிறார்கள். சற்றுப் பொறுங்கள்.

என் தகப்பனார் இரயில்வே பணிமனை ஒன்றில் 40 ஆண்டுகள் வேலை செய்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். என் தாயார் இறந்த பிறகு அவர் தனியே இருந்தார். என் தம்பி வந்து, தான் குடியிருக்கும் நியூயார்க் நகருக்கு அவரை அழைத்துக்கொண்டு போனான். நான் குருவானவன். பங்கிலிருந்து பங்கு மாறிப் போகிறவன். என்னால் அவரை வைத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் தம்பி அழைத்துப் போனது எனக்குப் பிடிக்கவில்லை.

சில மாதங்களில் தம்பி தொலைபேசியில் சொன்னான்: "அண்ணா, அப்பா பேசுறதே இல்ல. சாப்பிடக் கூப்பிட்டா வர்றார், சாப்பிட்டுட்டு சன்னலோரம் போய் உட்கார்ந்துடுறார். பிள்ளைங்க ஏதாவது கேட்டாக்கூட பதில் சொல்றதில்ல." நான் கோபப்பட்டேன். "மண்ணில் இருந்த மரத்தைப் பிடுங்கிப் பூந்தொட்டியில் வைத்துவிட்டாய், அப்புறம் எப்படித் தழைக்கும்?" என்று கேட்டேன். நன்றாகப் பேசிவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன். எதிர்ப்பக்கம் தம்பி ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டான். அதன்பின் ஆறு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பங்கில் சண்டை போட்டவர்களைக் கூப்பிட்டுச் சமாதானம் செய்து வைக்கிற நான், என் உடன்பிறந்தவனோடு பேசாமல் இருந்தேன். இதை உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பங்கை விட்டு எங்கும் போக முடியாது. ஆகையால் ஆயர் அவர்களின் அனுமதி பெற்று, 2024 சனவரி மாதம், மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்தவுடன் நியூயார்க் சென்றேன். தகப்பனாரைத் திரும்ப அழைத்து வந்துவிட வேண்டும் என்பதே என் எண்ணம். எங்கே வைப்பது, யார் பார்ப்பது என்று யோசிக்கவில்லை.

போய்ச் சேர்ந்த வாரம் சனிக்கிழமை. கடுங்குளிர். தம்பியின் மகன், ஒன்பது வயதுப் பையன், "பெரியப்பா, டிரெயின் ஷோ போகலாம்" என்று பிடிவாதம் பிடித்தான். தம்பி காரை எடுத்தான். தம்பியின் மனைவி, மகன், மகள், தகப்பனார், நான் என்று ஆறு பேரும் கிளம்பினோம். காரில் குழந்தைகள் மட்டுமே பேசினார்கள்.

நாங்கள் போன இடம் பிராங்ஸ் பகுதியில் இருக்கும் நியூயார்க் தாவரவியல் பூங்கா. 1891-இல் தொடங்கப்பெற்றது, 250 ஏக்கர் பரப்புள்ளது. அதன் நடுவே முழுவதும் கண்ணாடியால் ஆன ஒரு பெரிய மாளிகை உண்டு. 1902 முதல் அது இருக்கிறது. வெளியே உறைபனி, உள்ளே பனைமரமும் வாழையும் வளருகின்றன. நம் ஊர் ஆவணி மாதப் புழுக்கம்! அந்தக் கண்ணாடி மாளிகைக்குள்தான் 1992 முதல் ஆண்டுதோறும், கிறிஸ்துமசுக்குச் சில வாரம் முன்பிருந்து சனவரி வரையில், பொம்மை இரயில் கண்காட்சி வைக்கிறார்கள். ஏறக்குறைய அரை மைல் நீளத் தண்டவாளம். அதில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட இரயில்கள், செடிகளுக்கு நடுவிலும், தலைக்கு மேலே போகும் பாலங்களிலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

இரயிலை விட என்னை வியக்க வைத்தவை அந்த இரயில்கள் கடந்து போகும் கட்டடங்கள். நியூயார்க் நகரத்தின் புகழ்பெற்ற கட்டடங்களைச் சிறு உருவில் செய்து வைத்திருக்கிறார்கள். செங்கல் இல்லை, பிளாஸ்டிக் இல்லை. மரப்பட்டை, சுள்ளி, காய்ந்த இலை, விதை, கொட்டை, இலவங்கப்பட்டை, தேவதாருக் காயின் செதில், இவற்றால்தான் கட்டியிருக்கிறார்கள். இதைத் தொடங்கியவர் பால் புஸ்ஸே என்பவர். நிலத்தோட்டங்களை வடிவமைப்பது அவர் தொழில். கென்டக்கி மாநிலத்தில் ஒரு பட்டறை வைத்து, பலரைப் பழக்கி இவற்றைச் செய்தார். அவருக்குப் பின் அந்தப் பட்டறையை நடத்துகிறவர் அவருடைய மகள். தகப்பன் வேலையை மகள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்திருங்கள். பின்னால் இதற்கு வருவேன்.

கிறிஸ்துமசுக்கும் இரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நாம் வீட்டில் குடில் வைக்கிறோம். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சோ என்ற சிற்றூரில் மாடும் கழுதையும் நிற்க, வைக்கோல் பரப்பிப் பிறப்புக் காட்சியை அமைத்தார். அந்த வழக்கம் நாடெங்கும் பரவியது. செருமானிய நாட்டிலிருந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய மொரேவியச் சபையினர் குடிலைச் சுற்றி மலை, ஓடை, வயல், வீடு என்று ஓர் ஊரையே அமைத்தார்கள். அதற்கு "புட்ஸ்" என்று பெயர். நம் வீட்டுப் பிள்ளைகள் குடிலுக்குப் பக்கத்தில் கேழ்வரகு முளைக்கப் போட்டு வயல் செய்து, கண்ணாடித் துண்டை வைத்துக் குளம் செய்வதில்லையா? அதே ஆசைதான். பிறகு கிறிஸ்துமஸ் மரம் வந்தது. மரத்தடியில் ஊர் வந்தது. ஊர் என்றால் இரயில் வேண்டாமா? இரயிலும் வந்தது.

நியூயார்க்கில் 1900-இல் லயனல் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய சோஷுவா லயனல் கோவன் முதலில் செய்த மின்சார வண்டி, கடைக் கண்ணாடி அலமாரியில் ஓடி, சரக்குகளை மக்கள் பார்க்கும்படி செய்வதற்காகத்தான். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சரக்கை விட்டுவிட்டு, "அந்த வண்டி என்ன விலை?" என்று கேட்டார்கள். அன்று தொடங்கியது, அந்த நாட்டில் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி இரயில் ஓடத் தொடங்கியது.

சரி, கண்காட்சிக்குள் வருவோம். அங்கே பழைய பென்சில்வேனியா இரயில் நிலையத்தின் சிற்றுருவைக் கண்டேன். அந்த நிலையம் 1910-இல் திறக்கப்பட்டது. உரோமைப் பேரரசின் மண்டபங்களைப் போன்ற தூண்கள் உடையது. இன்று அது இல்லை. 1963-இல் இடிக்கத் தொடங்கினார்கள். இடித்தபின்தான் நகர மக்கள், "ஐயோ, எதை இழந்தோம்!" என்று விழித்துக்கொண்டார்கள். 1965-இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டம் அந்த நகரில் வந்தது. அந்தச் சட்டத்தால்தான் பின்னர் கிராண்ட் சென்ட்ரல் என்ற மற்றொரு பெரிய நிலையம் பிழைத்தது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதற்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. இடிந்து போன நிலையமோ இன்று மரப்பட்டையிலும் விதையிலும்தான் நிற்கிறது.

கொஞ்சம் தள்ளி புரூக்ளின் பாலம். அதைக் கட்டத் திட்டமிட்ட ஜான் ரோப்ளிங் 1869-இல், வேலை சரியாகத் தொடங்கும் முன்னரே இறந்தார். மகன் வாஷிங்டன் ரோப்ளிங் பொறுப்பை ஏற்றார். ஆற்றின் அடியில், அழுத்திய காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் இறங்கி வேலை செய்ததால் நோய் கண்டு படுக்கையில் விழுந்தார். அப்போது அவருடைய மனைவி எமிலி கணவரிடம் கேட்டுக் கேட்டுக் கணக்கும் பொறியியலும் கற்று, அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு, பத்தாண்டுக்கு மேலாக வேலைத்தலத்துக்குப் போய்வந்தார். 1883-இல் பாலம் திறந்தது. ஒருவர் அறிவு மற்றொருவரிடம் கேள்வியின் வழியாகத்தான் கடந்து போயிற்று.

இதையெல்லாம் நான் என் தம்பி பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டே போனேன். குருக்களுக்கு இது ஒரு வியாதி. விளக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தால் தகப்பனாரைக் காணோம். பதறிப் போனோம்.

அவர் பின்னால் ஒரு திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தார். நிற்கவில்லை; முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 84 வயது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துத் தண்டவாளத்தின் அகலத்தை அளந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, சத்தமாகச் சொன்னார்: "சாமி, இது மீட்டர் கேஜ்."

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. "பொம்மைப்பா, இதுல என்ன கேஜ்?" என்றேன். "இல்ல. இன்ஜின் பருமனைப் பாரு, அகலத்தைப் பாரு. இது மீட்டர் கேஜ்தான்" என்றார்.

பிறகு நான் படித்துப் பார்த்தேன். இந்த வகைப் பொம்மை இரயிலை 1968-இல் செருமனியின் நூரன்பர்க் நகரில் லேமான் என்ற நிறுவனம் கொண்டுவந்தது. தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். உருவ அளவு 22.5-இல் ஒரு பங்கு. குழந்தைகளே, பெருக்கிப் பாருங்கள்: 45-ஐ 22.5-ஆல் பெருக்கினால் ஆயிரத்துச் சொச்சம் மில்லிமீட்டர். அதாவது ஒரு மீட்டர்! அந்த அளவு மீட்டர் கேஜ் வண்டிகளை வைத்தே அமைந்தது. என் தகப்பனார் தம் வாழ்நாளெல்லாம் பழுது பார்த்தவை மீட்டர் கேஜ் இன்ஜின்கள். நான் இறையியல் பட்டம் பெற்றவன். அவர் எட்டாம் வகுப்பு. யார் சொன்னது சரி?

அந்நேரம் பூங்காப் பணியாளர் ஒருவர் ஒரு துணியால் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். பையன், "ஏன் தாத்தா துடைக்கிறாங்க?" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, முகத்துக்கு நேரே கேட்டான். தகப்பனார் முகம் மலர்ந்தது. "கரண்டு தண்டவாளத்திலதான் வருது. சக்கரம் வழியா ஏறி மோட்டாருக்குப் போகுது. தூசி இருந்தா வண்டி நின்னுடும். ஓடுற வண்டியத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. துடைக்கிறவன யாரு பார்க்கிறா?" என்றார்.

பையன் விடவில்லை. "தாத்தா, நீங்க டிரெயின் ஓட்டினீங்களா?"

"ஓட்டலடா. நான் பாய்லர்."

"பாய்லர்னா?"

அங்கிருந்த ஒரு பலகையில் அவரை உட்கார வைத்தோம். அரை மணி நேரம் பேசினார். ஆறு மாதம் பேசாதிருந்த மனிதர்.

"பாய்லர்தான் இன்ஜினுக்கு வயிறு. பெரிய இரும்பு உருளை. தகட்டுக்குத் தகடு ஆணி அடிச்சு இறுக்கணும். ஆணியை உலையில சிவக்கக் காய்ச்சி ஓட்டையில விடுவாங்க. வெளியில ஒருத்தன் சம்மட்டியால அடிப்பான். உள்ளுக்குள்ள ஒருத்தன் ஆணித்தலையை இரும்பால முட்டுக் கொடுத்துப் பிடிச்சுக்கணும். உள்ள இடம் இருக்காது. அதனால ஒல்லியா இருக்கிற ஆளைத்தான் அனுப்புவாங்க. பதினெட்டு வயசில நான் ஒல்லி."

"சத்தம் வராதா தாத்தா?"

"கோயில் மணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, வெளியில ஒருத்தனை அடிக்கச் சொன்னா எப்படி இருக்கும்? அப்படி. காதில பஞ்சு வச்சுக்குவோம். சாயங்காலம் சங்கு ஊதினா மத்தவங்களுக்குக் கேட்கும், எங்களுக்குக் கேட்காது. பக்கத்து ஆளு நடக்கிறதைப் பார்த்துத்தான் வேலை முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுக்குவோம். முப்பது வயசிலேயே பாதிக் காது போயிடுச்சு."

என் தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எங்கள் இருவருக்குமே இது தெரியாது.

"ஏம்ப்பா, யார்கிட்டயும் சொல்லல?" என்று நான் கத்திக் கேட்டேன்.

"சொன்னா மருத்துவச் சோதனையில தள்ளிடுவாங்களோன்னு பயம். நீங்க ரெண்டு பேரும் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் ரிட்டயர் ஆனதும் யாரும் கேட்கல. கேட்காதத எதுக்குச் சொல்றது?"

கொதிகலன் வேலை செய்பவர்களின் காது கெடுவது புதிய செய்தி அன்று. 1886-இலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற மருத்துவர் நூறு கொதிகலன் தொழிலாளரைச் சோதித்தார். ஒருவருக்குக்கூட இயல்பான செவிப்புலன் இல்லை என்று கண்டார். உலகத்துக்குத் தெரிந்திருந்தது. பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

அன்பர்களே, அந்தப் பலகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடி நான் என் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தேன். பள்ளியிலிருந்து மதிப்பெண் அட்டையைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவேன். "ம்" என்பார். அக்கறையில்லை என்று நினைத்தேன். குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வருவேன். தெருவில் அவர் சத்தம் போட்டுப் பேசுவார். நாகரிகம் தெரியவில்லை என்று வெட்கப்பட்டேன். திருப்பலியில் எல்லாரும் பதில் சொல்லி முடித்த பிறகு அவர் குரல் மட்டும் தனியே ஒலிக்கும். பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். என் முதல் திருப்பலியில் நாற்பது நிமிடம் மறையுரை நிகழ்த்தினேன். "எப்படியிருந்ததுப்பா?" என்று கேட்டேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு சாமி" என்றார். ஒரு வார்த்தையும் அவர் காதில் விழுந்திருக்காது. நாற்பது நிமிடமும் முதல் வரிசையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி அவரைப் பூந்தொட்டியில் வைத்தான் என்று நான் குற்றம் சாட்டினேனே! அந்த மரத்தின் வேர் எதுவென்று நான் ஐம்பத்தைந்து வயது வரை ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் மௌனத்துக்கு நியூயார்க் காரணமன்று. அவரை அடுத்து நின்று, முகத்துக்கு நேரே பேசி, ஒரு கேள்வி கேட்க ஆள் இல்லாததே காரணம். ஒன்பது வயதுப் பையன் அதைச் செய்தான். அவன் புத்திசாலி என்பதால் அன்று; உயரம் குறைந்தவன் என்பதால்! தாத்தா குனிந்தபோது இருவர் முகமும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

அன்றிரவு வீட்டில் தம்பியிடம், "நான் பேசியது தவறு. மன்னித்துக்கொள்" என்றேன். அவன், "விடுங்கண்ணா, நானும்தான் கேட்டதில்ல" என்றான். அடுத்த வாரமே காது மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இப்போது காதில் ஒரு கருவி வைத்திருக்கிறார். பாதி நேரம் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறாராம். அது வேறு கதை. அவரைத் திரும்ப அழைத்து வரப் போன நான் தனியாகத்தான் திரும்பி வந்தேன். அவர் அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார். மாணவர் இருவர். பேரன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாய்லர் படம் வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் தாத்தா சொல்லும் பெயரைத் தமிழில் எழுதுகிறான். எழுத்துப்பிழை நிறைய. இருக்கட்டும். ஞாயிறுதோறும் இரவில் நானும் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன். குருமனைக்கு அடுத்த வீட்டில் இருப்பவர்களே, அந்த நேரத்தில் நான் யாரையும் திட்டவில்லை. என் தகப்பனாரோடுதான் பேசுகிறேன்.

இந்தக் கூட்டத்தில் வயது முதிர்ந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! சுண்ணாம்பு சுமந்த கைகள், தையல் எந்திரம் மிதித்த கால்கள், பீடி சுற்றிய விரல்கள். உங்கள் வீட்டில் யாராவது உங்களிடம், "அந்த வேலையை எப்படிச் செய்தீர்கள்? எங்கே வலித்தது?" என்று கேட்டிருக்கிறார்களா? அந்தப் பென்சில்வேனியா நிலையத்தை இடித்தபின் அழுத ஊரைப் போல, நாமும் அடக்கப் பூசையில்தான், "எவ்வளவு பெரிய மனிதர்!" என்று பேசுகிறோம். கல்லறையில் நின்று கேட்கும் கேள்விக்குப் பதில் வராது.

ஆகையால் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ போங்கள். அவர்கள் முகத்துக்கு எதிரே உட்காருங்கள். "உங்க முதல் சம்பளம் எவ்வளவு? என்ன வேலைக்குக் கொடுத்தாங்க?" என்று கேளுங்கள். பதிலை எழுதி அடுத்த ஞாயிறு என்னிடம் கொண்டு வாருங்கள். பெரியவர்களே, அவர்கள் கேட்கும்போது, "போ, போய்ப் படி" என்று விரட்டாதீர்கள்.

தாத்தா பாட்டி இல்லாத வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். பிள்ளைகள் தொலைவில் இருப்பதால் தனித்திருக்கும் முதியோர் இந்தப் பங்கில் யார் யார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

பெத்லகேம் குடிலுக்கு வந்தவர்கள் இடையரானாலும் அரசரானாலும் குனிந்துதான் பாலனைப் பார்த்தார்கள். பொம்மை இரயிலும் குனிந்தால்தான் தெரிகிறது. நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படியே. இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.